மடையில் ஓர் ஆள்

எங்கள் பக்கத்தில் மழையை ஊருக்குள் நனைந்து தெரிந்துகொள்வதைவிட ஆற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் அதிகம். மேற்கே மலை இருட்டிக்கொண்டு நிற்கும். ஊரில் ஒரு தூறல்கூட விழுந்திருக்காது. விடிந்து பார்த்தால், மணலாகக் கிடந்த ஆற்றில் செந்தண்ணீர் நுரைத்து ஓடும். "மலையில நல்ல மழை" என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் மண்வெட்டியோடு நாலு பேர் வரத்துக்கால் பக்கம் போயிருப்பார்கள்.

ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் வழியாக முடங்கியாறு இறங்குகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பில் பேயனாறு. தெற்கே தேவதானத்துக்கு மேலே சாஸ்தா கோயில் ஆறு. வடக்கே வத்திராயிருப்புப் பக்கம் பெரியாறு, கோவிலாறு, அர்ச்சுனா நதி. எல்லாம் சின்ன ஆறுகள். வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். வந்தால் ஒரே இரவில் வந்து, சில நாளில் வடிந்துவிடும். தேக்காமல் விட்டது வைப்பாற்றில் சேர்ந்து சாத்தூர், விளாத்திகுளம் தாண்டி மன்னார் வளைகுடாவுக்குப் போகும்.

தென்மேற்குப் பருவமழையில் பெரும்பங்கு மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இறங்கிவிடுகிறது. நமக்கு முக்கியமானது ஐப்பசியும் கார்த்திகையும். மாவட்டத்தின் சராசரி மழை வருஷத்துக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தச் சில வாரத் தண்ணீரைப் பிடித்து வைத்து, மாசி பங்குனி வரைக்கும் பங்கு போட்டுப் பயிர் செய்ய வேண்டும். இதற்காகத்தான் மலையடிவாரத்திலிருந்து கிழக்கே சரிவு பார்த்துக் கண்மாய்களை வரிசையாக வெட்டினார்கள். மேல் கண்மாய் நிறைந்தால் மறுகால் பாயும். அந்த மறுகால் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு வரத்து. பந்தியில் ஓர் இலை நிரம்பிய பிறகு அடுத்த இலைக்கு நகர்வதுபோல, மேட்டு ஊரிலிருந்து பள்ளத்து ஊர் வரை தண்ணீர் நகர்ந்துகொண்டே போகும்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே அப்படிப்பட்ட ஒரு கண்மாய்க்குக் கீழேதான் எங்கள் குடும்பத்து வயல் இருந்தது. 1960களில் நான் சிறுவன். அன்று கண்மாயை எப்படி வைத்திருந்தோம், இன்று எப்படி வைத்திருக்கிறோம் என்பதை இறங்கி வரும் தண்ணீரோடு கூடவே நடந்து சொல்கிறேன்.

முதலில் மலை. அன்று மலையிலிருந்து விறகுக்கட்டு இறங்காத நாள் கிடையாது. மூங்கில், கரி, தேன், புல் எல்லாம் தலைச்சுமையாக வரும். மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பளியர் மக்களுக்குக் காடு வீடு. சமவெளியில் இருந்த எங்களுக்கோ அது அள்ள அள்ளக் குறையாத கிடங்கு என்ற நினைப்பு. இன்று அந்த நினைப்புக்கு இடமில்லை. 1988இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் வந்தது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் வந்தது, நாட்டில் 51ஆவது. காப்பகம் வந்ததைப் பற்றி எங்கள் பக்கத்தில் மனத்தாங்கல் பேசுபவர்கள் உண்டு. மேய்ச்சல் போனது, விறகு போனது என்பது உண்மை. ஆனாலும் ஆறு பிறக்கும் இடத்தைக் காவல் காப்பது விவசாயியின் கண்மாயைக் காவல் காப்பதுதான். மண்ணைப் பிடித்து நிறுத்தும் மரம் மலையில் நின்றால்தான் வண்டல் மட்டோடு வரும், ஊற்றும் தை மாதத்துக்குப் பிறகு கொஞ்ச நாள் கசியும். அன்றைக்கும் இன்றைக்குமான கணக்கில் இன்று மேலே நிற்கும் இடம் இது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

மலையை விட்டு இறங்கினால் வரத்துக்கால். ஆற்றில் குறுக்கே கல்லும் மண்ணும் தழையும் வைத்துத் தண்ணீரைத் திருப்பி, கண்மாய் வரைக்கும் கொண்டுவரும் வாய்க்கால். கண்மாய்க்கு உயிர் அதில்தான் இருக்கிறது. புரட்டாசி பிறந்ததும் ஊரில் தண்டோரா போடுவார்கள். கண்மாய்க்குக் கீழே நிலம் வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நிலத்தின் அளவுக்கு ஏற்ப ஆள் வர வேண்டும். ஆள் அனுப்ப முடியாத வீடு கூலி கொடுத்து அனுப்பும். இரண்டும் செய்யாத வீட்டுக்குத் தண்டம். வரத்துக்காலில் முளைத்திருக்கும் நாணலையும் கோரையையும் வெட்டி, சரிந்த மண்ணை வாரி மேட்டில் போட்டுக்கொண்டே ஆற்று வாய் வரை போவார்கள். சோறு அங்கேயே. பெரியவர்கள் நடுவில் நின்று, போன வருஷம் எங்கே உடைத்தது, யார் வயல்காரர் வாய்க்காலை ஒரு முழம் தின்றிருக்கிறார் என்றெல்லாம் அங்கேயே பேசித் தீர்த்துவிடுவார்கள்.

குடிமராமத்து என்ற இந்த வேலை ஊர்க்காரர்களின் நல்ல மனத்தால் மட்டும் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வராத வீட்டை ஊர் கேள்வி கேட்டது, அதனால் நடந்தது. ஆங்கிலேய அரசுகூட இதைப் பார்த்து, சென்னை மாகாணத்தில் 1858இல் ஒரு சட்டமே போட்டது. வழக்கமாகச் செய்ய வேண்டிய மராமத்து வேலையைச் செய்யத் தவறுகிறவர் அந்த வேலையின் மதிப்பைப் போல இரு மடங்கு கட்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஆனால் ஊர்க்கட்டுப்பாடு ஊருக்குள் இருந்த காலத்தில் செய்ததைச் சட்டப் புத்தகத்தால் செய்ய முடியவில்லை. அரசு வரியை வாங்கிக்கொண்டது. பராமரிப்பைக் குடிகளின் தலையில் விட்டது. குடிகளிடம் இருந்த அதிகாரத்தை மட்டும் மெல்ல எடுத்துக்கொண்டது.

கரைக்கு வருவோம். சித்திரையில் கண்மாய் வற்றிக் களிமண் வெடித்துக் கிடக்கும். அப்போது வண்டி வண்டியாகக் கரம்பை அள்ளுவார்கள். வயலுக்கு அதைவிட நல்ல உரம் கிடையாது. அள்ளிய இடம் ஆழமாகும். ஒரே வேலையில் வயலும் வாழ்ந்தது, கண்மாயும் தூர்ந்து போகாமல் இருந்தது. குயவருக்குச் சக்கரத்துக்கு மண், வீடு கட்டுகிறவருக்குச் சுவருக்கு மண் என்று ஊரில் எல்லாருக்கும் கண்மாயின் அந்த உள்வாயில் ஒரு பங்கு இருந்தது. இன்று கரம்பை அள்ள விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்க வேண்டும். முறை தவறி மண் கொள்ளை போனதால் வந்த கட்டுப்பாடு அது, தேவைதான். ஆனால் ஒரு வண்டி மண்ணுக்காக அலையும் சின்ன விவசாயி, யூரியா மூட்டையோடு நிறுத்திக்கொள்கிறார். அள்ளப்படாத உள்வாயில் சீமைக்கருவேலம் வேர் விட்டுவிட்டது.

இப்போது மடை. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்; நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது.

எங்கள் கண்மாயின் மடையைத் திறக்கவும் அடைக்கவும் ஒரே ஒருவருக்குத்தான் உரிமை. அவர் நீர்ப்பாய்ச்சி. சில ஊர்களில் மடைக்குடும்பர் என்பார்கள். கண்மாய் நிறைந்ததும் மடைக்கருப்பசாமிக்குப் பொங்கல் வைத்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அவர் தண்ணீரில் இறங்கி முங்கி முதல் மடையைத் திறப்பார். அன்றிலிருந்து அறுவடை வரைக்கும் அவருக்கு வீடு கரைதான். ராத்திரி மழையில் கரையில் கசிவு கண்டால் வைக்கோலும் மண்ணும் திணித்து அடைப்பார். எந்த வயலில் எவ்வளவு நிற்கிறது, எந்த வரப்பில் நண்டு வளை போட்டுத் தண்ணீர் களவு போகிறது என்பது அவருக்கு மனப்பாடம். மேமடையில் முழங்கால் தண்ணீர் நிற்க, கடைமடையில் வெடிப்பு விழுந்தால் அது அவருக்கு அவமானம்.

ஒரு தை மாதத்தில் எங்கள் தாத்தா கரைக்குப் போய் அவரிடம் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"பயிர் வாடுதுப்பா. இன்னைக்கு ஒரு ராத்திரி நம்ம பக்கம் திருப்பி விடேன்."

"உங்க முறை நாளைக்கு விடியக்காலந்தான் சாமி."

"ஒரு ராத்திரியில என்ன கொறைஞ்சுடும்?"

"கடைமடையிலயும் பயிர்தான் சாமி நிக்குது. அதுவும்தான் வாடுது."

தாத்தா ஊரில் பெரிய கை. நீர்ப்பாய்ச்சிக்குச் சொந்தமாக ஒரு செண்ட் நன்செய் கிடையாது. ஊர் விட்டிருந்த மானியத் துண்டு ஒன்றுதான். ஆனாலும் தாத்தா வந்த வழியே திரும்பினார். மடையில் நிற்கும்போது அந்த மனிதருக்குப் பின்னால் மொத்த ஆயக்கட்டும் நின்றது. இன்று அவரை மீறித் தண்ணீர் திருப்பினால் நாளை தன் முறையை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று தாத்தாவுக்குத் தெரியும்.

முறை மாற்றுவதற்குக் கடிகாரம் கிடையாது. பகலில் நிழலை அடி வைத்து அளப்பார்கள். ராத்திரியில் கார்த்திகை மீன் எங்கே சாய்ந்திருக்கிறது, விடிவெள்ளி முளைத்துவிட்டதா என்று பார்ப்பார்கள். பிறகு இன்னொரு கணக்கும் சேர்ந்துகொண்டது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய பிறகு ஊரைச் சுற்றிப் பஞ்சாலைகள் பெருகின. காற்று வாட்டமாக அடித்தால் மில் சங்கு எங்கள் வயல்வெளி வரை கேட்கும். சங்கு ஊதினால் இந்தப் பங்கு முடிந்து அடுத்த பங்குக்கு வாய்க்கால் திரும்பும். கொஞ்ச காலத்தில் அதே சங்கு வயல்காரர் வீட்டுப் பிள்ளைகளை ஷிப்டுக்குக் கூப்பிட்டது. மாதம் பிறந்தால் கையில் சம்பளம். மழை வருமா என்று மலையைப் பார்த்து நிற்க வேண்டாம். போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்த தறிகளும், ராஜபாளையத்து மில்களும் பல வறண்ட வருஷங்களில் எங்கள் வீடுகளின் அடுப்பை எரியவைத்தன. ஆனால் புரட்டாசியில் வரத்துக்காலுக்கு வந்த கைகள் குறைந்தது அப்போதுதான்.

மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திருப்பாவை சொல்லிக்கொடுப்பார்கள். மூன்றாம் பாட்டில் நெற்பயிருக்கு நடுவே மீன் துள்ளும். எங்களுக்கு அதில் கற்பனை ஒன்றும் தெரியவில்லை. மடை வழியாக வந்த கெண்டையும் கெளுத்தியும் வயலில் துள்ளுவதைப் பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்த்துவிட்டுத்தான் போவோம். ஆண்டாள் பாடிய ஊரின் வயலில் நூற்றாண்டுகள் கழித்தும் அந்த மீன் இருந்தது. பூச்சிமருந்து வந்த சில வருஷங்களில் அது இல்லாமல் போயிற்று. இன்று கண்மாய் மீன் குத்தகைக்குப் போகிறது. கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை வளர்க்கிறார்கள். மீன் பிடிக்கத் தண்ணீர் வடிய வேண்டும், பயிருக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். இந்த இழுபறியில் நடுவில் நின்று பேச மடையில் இப்போது ஆள் இல்லை.

அறுவடை முடிந்து களத்தில் நெல் குவியும்போது, வீட்டுக்கு அளப்பதற்கு முன்னால் சுவந்திரம் அளப்பார்கள். நீர்ப்பாய்ச்சிக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, குயவருக்கு, சலவைத் தொழிலாளிக்கு என்று ஒவ்வொருவருக்கும் வழக்கப்படி இத்தனை மரக்கால். கடைமடையில் பயிர் கருகினால் நீர்ப்பாய்ச்சியின் பங்கும் கருகியது. அதனால்தான் அவர் எல்லா வயலையும் தன் வயலாகப் பார்த்தார்.

அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் நிறுத்தப்போவதில்லை. நீர்ப்பாய்ச்சிகள் எங்கள் பகுதியில் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்களே. எல்லார் வயலுக்கும் நீதி பார்த்த மனிதரை ஊர்த் தெருச் சிறுவர்கள்கூடப் பெயர் சொல்லி ஒருமையில் கூப்பிட்டார்கள். அவர் திறந்துவிட்ட தண்ணீர் எந்தத் தெருவின் கிணற்றில் ஊறியதோ, அந்தத் தெருக் கிணற்றில் அவர் வாளி போட முடியாது. களத்தில் அவருக்கு அளந்த நெல்லைப் பக்குவமாகக் கையில் கொடுக்காமல் விரித்த துண்டில் கொட்டினார்கள். அவருடைய மகன் பள்ளிக்கூடம் போனான், ஊரை விட்டு வேலைக்குப் போனான், அப்பாவின் வேலைக்குத் திரும்பவில்லை. திரும்பாதது நியாயம். ஒரு வேலையைச் சாதியோடு சேர்த்துக் கட்டி வைத்தால், சாதியிலிருந்து விடுபட நினைக்கிறவர் அந்த வேலையையும் சேர்த்துத்தான் உதற வேண்டியிருக்கும். கண்மாய் கெட்டதற்குக் காரணம் தேடும்போது இதை விட்டுவிட்டுத் தேடினால் பாதி உண்மைதான் கிடைக்கும்.

மிச்சப் பாதி பல இடங்களிலிருந்து வந்தது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் பொதுப்பணித் துறைக்கும், அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்துக்கும் என்று பிரிந்தன. கரையில் உடைப்பு என்றால் ஊர் ஓடிய காலம் போய், அலுவலகத்துக்கு மனு எழுதும் காலம் வந்தது. 1966க்குப் பிறகு ஐ.ஆர்.8 நெல் வந்தது. குறுகிய நாளில் விளையும், ஆனால் குறித்த நாளில் தண்ணீர் கேட்கும். கமலை இறைத்த கிணறுகளில் மோட்டார் ஏறியது. கமலையில் மாடு களைத்தால் இறைப்பு நிற்கும். கிணறு ஊற நேரம் கிடைக்கும். மோட்டார் களைப்பதில்லை. 1990இல் விவசாயிகள் அனைவருக்கும் மின்சாரம் இலவசம் என்றானது. அது பல சின்ன விவசாயிகளைக் கடனிலிருந்து காப்பாற்றியது. கூடவே, ஆழ்துளைக் கிணறு தோண்ட வசதி உள்ளவருக்குக் கண்மாய் முறைக்குக் காத்திருக்க வேண்டாம் என்ற விடுதலையையும் கொடுத்தது. முறை வேண்டாம் என்றானவருக்கு வரத்துக்கால் வேலையும் வேண்டாம், நீர்ப்பாய்ச்சிக்கு அளக்கும் மரக்காலும் வேண்டாம்.

நெல் வயல்கள் தென்னந்தோப்புகளாக மாறின. சேத்தூரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை மலையடிவாரத்தில் இன்று பார்வைக்கு எட்டும் வரை தென்னையும் மாவும். ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழம் மதுரைச் சந்தை வரை பேர் வாங்கியது. தென்னை நல்ல பயிர். ஆள் பஞ்ச காலத்துக்கு ஏற்ற பயிர். ஆனால் நெல்லைப் போல அது ஊரைக் கூட்டுவதில்லை. ஒரே நாளில் நாற்றுவிட, ஒரே வாரத்தில் நட, ஒன்றாகத் தண்ணீர் திறக்க என்று நெல் எங்களைச் சேர்த்து வைத்திருந்தது. தோப்புக்காரர் வேலி போட்டுக்கொண்டு, சொட்டுநீர்க் குழாயைத் திறந்துவிட்டு நகரத்துக்குப் போய்விடலாம்.

இதில் எல்லாரும் மறந்துபோன ஒன்று உண்டு. அந்த ஆழ்துளைக் கிணற்றில் ஏறுவதும் கண்மாய்த் தண்ணீர்தான். கண்மாய் நிறைந்த வருஷம் தோப்புக் கிணறு கைக்கு எட்டும் ஆழத்தில் நிற்கும். வரத்துக்கால் தூர்ந்து கண்மாய் காய்ந்தால் இரண்டே வருஷத்தில் கிணற்றுக்குள் கிணறு தோண்ட வேண்டும். கண்மாயோடு தனக்குச் சம்பந்தம் இல்லை என்று நினைக்கிறவர்தான் கண்மாயை அதிகமாகக் குடித்துக்கொண்டிருக்கிறார்.

அரசு ஒன்றும் செய்யாமல் இல்லை. 1984இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு கண்மாய் நவீனப்படுத்தும் திட்டம் வந்தது. 2000இல் விவசாயிகள் பாசன அமைப்புகளை நிர்வகிக்கும் சட்டம். 2007இல் உலக வங்கி உதவியோடு நீர்வள, நிலவளத் திட்டம். அதே வருஷம் ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்றத் தனிச் சட்டம். 2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டம். முதல் கட்டமாக 100 கோடி ரூபாய், பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்று ஏற்பாடு. கரைகள் உயர்ந்தன, மடைகளுக்கு இரும்புத் திருகு ஷட்டர் வந்தது, மறுகாலுக்குக் காங்கிரீட் போட்டார்கள். பொக்லைன் ஒரு நாளில் வாருவதை அன்று ஊரே சேர்ந்து ஒரு மாதம் வாரினாலும் வார முடியாது.

அன்று திட்டம் இல்லை, குடிகள் இருந்தார்கள், வேலை நடந்தது. இன்று அதே பெயரில் திட்டமும் பணமும் இயந்திரமும் இருக்கின்றன. குடிகள் கரையில் நின்று பார்க்கிறார்கள். வேலை முடிந்து படம் எடுத்துப் பலகை வைத்த பிறகு, ஷட்டரின் திருகு கைப்பிடி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஊரில் பதில் வருவதில்லை. எண்ணெய் போட ஆளில்லாமல் ஷட்டர் துருப்பிடித்து இறுகுகிறது. அடைமழையில் அதைத் திருக முடியாமல் போகும்போது யாராவது கடப்பாரையோடு வருகிறார். இரும்பையும் காங்கிரீட்டையும் ஒருமுறை வாங்கினால் போதும். பொறுப்பை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும்.

வத்திராயிருப்புப் பக்கம் போனால் ஒரு நம்பிக்கை பிறக்கிறது. அங்கே 1976இல் கட்டி முடித்த பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து வரும் தண்ணீர் இன்றும் கண்மாய் கண்மாயாகத்தான் இறங்குகிறது. அங்கே இன்னும் நெல் பச்சை கட்டி நிற்கிறது. அணைத் தண்ணீர் திறக்கும் தேதிக்காக விவசாயிகள் கூடிப் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், எந்தக் கண்மாய்க்கு எத்தனை நாள் என்று கேட்கிறார்கள். அந்தச் சண்டையைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான். தண்ணீருக்காகக் கூடிச் சண்டை போடுகிற ஊரில் கண்மாய் பொதுவில் இருக்கிறது என்று பொருள்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இப்போது குடிக்கத் தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிறது. ராஜபாளையத்துக்கு ஆறாவது மைல் நீர்த்தேக்கம் போதாமல் போய் வருஷங்களாகின்றன. மலையைத் தாண்டிக் கேரளத்துப் பம்பை, அச்சன்கோவில் ஆறுகளை வைப்பாற்றோடு இணைக்க வேண்டும் என்ற கோரிக்கையும் இருக்கிறது. 634 மில்லியன் கன மீட்டர் தண்ணீரைக் கொண்டுவரலாம் என்பது தேசிய நீர் மேம்பாட்டு முகமையின் கணக்கு. கேரளம் சம்மதிக்கவில்லை. கேட்பது நம் உரிமை, கேட்டுக்கொண்டே இருக்கட்டும். ஆனால் அந்தத் தண்ணீர் நாளைக்கே வந்தாலும் வந்து நிற்க வேண்டிய இடம் இந்தக் கண்மாய்கள்தான். தன் மலையில் பெய்வதை வாங்கி வைக்க முடியாத வரத்துக்கால், அடுத்த மலையின் தண்ணீரை எப்படி வாங்கும்?

உலகத்தில் இந்தச் சிக்கலை எதிர்கொண்டவர்கள் நாம் மட்டும் இல்லை. இமாசலப் பிரதேசத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் மலை ஓடைகளிலிருந்து வயலுக்கு வரும் வாய்க்கால்களைக் கூல் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் கோலி என்று ஒருவர். தண்ணீர் பங்கிடுவதும், மராமத்துக்கு ஆள் திரட்டுவதும், தகராறு தீர்ப்பதும் அவர் பொறுப்பு. ஸ்பெயினின் வாலென்சியா நகரத்தில் உழவர்கள் தேர்ந்தெடுத்த தண்ணீர் நீதிமன்றம் வியாழன்தோறும் நண்பகலில் பேராலயத்தின் வாசலில் கூடுகிறது. வக்கீல் கிடையாது, எல்லாம் வாய்மொழி வழக்கு, உடனே தீர்ப்பு. அதை 2009இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த நீதிமன்றத்தைப் பற்றியும் எழுதிய எலினார் ஆஸ்ட்ரம் அதே 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். பொதுவில் இருப்பதைப் பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்து, அவர்களுக்குப் பதில் சொல்லும் ஒருவர் கண்காணித்து, மீறியவருக்கு அளவான தண்டனையும் தந்தால், பொதுச்சொத்து நூற்றாண்டுகள் நிற்கும் என்பதைப் பல நாடுகளின் சான்றோடு அவர் காட்டினார். பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூரில் குடவோலை போட்டு ஏரி வாரியத்துக்கு ஆள் எடுத்து, அவர்கள் பதவி 360 நாள்தான் என்று கல்லில் வெட்டிய சமூகத்துக்கு இது அந்நிய யோசனை இல்லை. பரம்பரை வேண்டாம், தேர்வு போதும் என்பதையும் அந்தக் கல்வெட்டே சொல்லிவிட்டது.

அதனால் பழைய காலம் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தின் களத்துமேட்டில் நின்றவர்கள் எல்லாரும் அதைத் திரும்ப விரும்ப மாட்டார்கள். நான் கேட்பது அந்த வேலை திரும்ப வேண்டும் என்பதுதான். ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு நீர்ப்பாய்ச்சி வேண்டும். எந்தச் சாதியிலிருந்தும் வரட்டும், பெண்ணாகவும் இருக்கட்டும். மாதச் சம்பளம், மழைக்கோட்டு, டார்ச் விளக்கு, ஷட்டர் சாவி, வரத்துக்காலின் அளவு குறித்த வரைபடம் எல்லாம் அவர் கையில் இருக்கட்டும். அவர் "முறை நாளைக்குத்தான்" என்று சொன்னால், தோப்புக்காரரானாலும் கட்சிக்காரரானாலும் திரும்பிப் போக வேண்டும் என்று கிராமசபை தீர்மானம் போடட்டும். அவர் சம்பளத்துக்கு நெல் வயல்காரர் மட்டும் தந்தால் போதாது. கண்மாய்க்குக் கீழே கிணறு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தர வேண்டும். நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் அவர்களுக்கும் இடமும் பொறுப்பும் வேண்டும். தண்ணீர் யாரிடம் போய்ச் சேருகிறதோ அவரிடம்தான் பங்கு கேட்க முடியும்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று இப்போது கிராமசபை கூடுகிறது. பங்குனி பிறந்து, கண்மாய் வற்றத் தொடங்கி, உள்வாயும் வரத்துக்காலும் கண்ணுக்குத் தெரியும் நேரம் அது. ஐப்பசி வர இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறது. எத்தனை லட்சத்துக்கு வேலை நடந்தது என்று அன்று கணக்குக் கேட்பது நல்லது. அதோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: இந்த வருஷம் நம் மடைக்கு யார் பொறுப்பு? ஒரு பெயர் சொல்ல முடிந்த ஊரின் கண்மாய் பிழைத்துக்கொள்ளும். பெயர் சொல்ல முடியாத ஊரில் எவ்வளவு பணம் கொட்டினாலும், முதல் வெள்ளம் அதை வைப்பாற்றுக்குக் கொண்டுபோய்விடும்.